உங்களுக்குத் தெரியுமா? மணலில் பிறந்த வண்டி ஜி.என்.டி. சாலையில் ஓடுமா?

டியூன் பக்கி என்றால் மணல்மேட்டில் ஏறி இறங்குவதற்கென்றே பிறந்த வண்டி. கூரை இல்லை, கதவு இல்லை. பெருத்த டயர் நான்கு, பின்பக்கம் திறந்து கிடக்கும் என்ஜின், சுற்றிலும் வளைத்த இரும்புக் குழாய். பார்த்தவுடன் ஒரு சுற்று ஓட்டிப் பார்க்கத் தோன்றும். அந்த ஆசை எனக்கும் உண்டு. ஒன்றை வாங்கியோ, பட்டறையில் செய்தோ, சும்மா ஜாலிக்காகப் புழலில் இருந்து மாதவரம் வரை ஜி.என்.டி. சாலையில் ஓட்டிவிட்டு வரலாமா என்று கேட்பவர்களுக்காக இந்தத் துணுக்குகள்.

★

உலகம் முழுக்கப் பேர் வாங்கிய முதல் பக்கியைச் செய்தவர் கார் கம்பெனிக்காரர் இல்லை, படகு செய்தவர். கலிஃபோர்னியாவின் நியூபோர்ட் பீச்சில் அலைச்சறுக்கும் படகு வேலையுமாக இருந்த புரூஸ் மேயர்ஸ் 1964இல் தன் பட்டறையில் ஒரு சிவப்பு வண்டியைச் செய்தார். உடம்பு முழுக்க ஃபைபர்கிளாஸ். அச்சு எடுத்து, கண்ணாடி இழைப் பாயை விரித்து, ரெசின் பூசி, காயவைத்து உரித்தெடுக்கும் அதே படகு வேலைதான். காசிமேட்டுப் பக்கம் போய்ப் பாருங்கள். கட்டுமரத்தின் இடத்தைப் பிடித்துவிட்ட ஃபைபர் படகுகளுக்கு ஓட்டை அடைப்பவர்கள் கையில் அதே பாய், அதே ரெசின், அதே நெடி. சுனாமிக்குப் பிறகு தமிழகக் கரையெங்கும் ஃபைபர் படகு பெருகியபோது இந்தக் கைவேலையும் கூடவே பெருகியது. ஒரு பக்கியின் உடம்பைச் செய்யத் தெரிந்த கைகள் ராயபுரத்தில் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன என்று நான் தயங்காமல் சொல்வேன்.

★

அந்த வண்டிக்கு மேயர்ஸ் வைத்த பெயர் மேங்க்ஸ். பிரிட்டனுக்கு அருகில் உள்ள மேன் தீவின் வாலில்லாப் பூனைக்கும் அதுதான் பெயர். பின்பக்கம் வெட்டியதுபோல மொட்டையாக நிற்கும் வண்டிக்குப் பொருத்தமான பெயர்.

★

உள்ளே இருந்தவை ஃபோக்ஸ்வாகன் பீட்டில் காரின் என்ஜினும் பாகங்களும். பீட்டிலை ஏன் தேர்ந்தெடுத்தார்? பீட்டிலின் என்ஜின் பின்னால் இருக்கிறது. என்ஜினின் எடை, ஓட்டும் சக்கரங்களின் மேலேயே உட்காருவதால் மணலில் பிடிப்பு கிடைக்கிறது. முன்பக்கம் லேசாக இருப்பதால் மூக்கு புதைவதில்லை. காற்றாலேயே குளிரும் என்ஜின் என்பதால் ரேடியேட்டர் இல்லை, தண்ணீர் கொதிக்கும் கவலையும் இல்லை. பிற்பாடு வந்த வண்டிகளுக்காகப் பீட்டிலின் அடித்தளத்தையே எடுத்து, அதன் நடுவே சுமார் 36 சென்டிமீட்டர் நீளத்தை அறுத்தெடுத்து, இரண்டு பாதியையும் சேர்த்து வெல்டிங் வைத்தார்கள். குட்டையான வண்டி மணல்மேட்டின் உச்சியில் வயிறு தட்டி நிற்காது.

★

1967இல் மேயர்ஸும் நண்பரும் மெக்சிகோவின் பாஹா தீபகற்பத்தில், லா பாஸ் நகரில் இருந்து டிஹுவானா வரை அந்தச் சிவப்பு வண்டியை ஓட்டினார்கள். பாதி இடங்களில் பாதையே கிடையாது. 34 மணி 45 நிமிடத்தில் போய்ச் சேர்ந்தார்கள். அதற்கு முன் அதே தூரத்தை மோட்டார் சைக்கிளில் கடந்தவர்களின் சாதனையைவிட இது ஐந்து மணி நேரம் குறைவு. அதே ஆண்டு நவம்பரில் அங்கே நடந்த முதல் பந்தயத்தில் வென்றதும் ஒரு மேங்க்ஸ்தான். ‘பாஹா’ என்ற சொல்லை நினைவில் வையுங்கள். கொஞ்சம் கீழே நம் ஊர்ப் பிள்ளைகளோடு அது திரும்ப வரும்.

★

மேயர்ஸின் கம்பெனி 1971 வரை ஏறத்தாழ 6,000 கிட்டுகள் (வாங்கியவரே பூட்டிக்கொள்ளும் பாகத் தொகுப்புகள்) விற்றது. அவரைப் பார்த்து மற்றவர்கள் செய்த நகல்களோ லட்சக்கணக்கில். காப்புரிமையைக் காட்டி நீதிமன்றம் போனார், தோற்றார். கடைசியில் கம்பெனியை விட்டே வெளியேறினார். 2014இல் அதே சிவப்பு வண்டி அமெரிக்காவின் தேசிய வரலாற்று வாகனப் பதிவேட்டில் இரண்டாவதாக இடம்பிடித்தபோது அவருக்கு வயது 88. 2021இல், 94 வயதில் காலமானார். அந்த மரியாதையைக் கண்ணால் பார்த்துவிட்டுப் போனார் என்பதில் எனக்கு ஒரு நிம்மதி.

★

மணலில் ஓட்டுபவர்கள் செய்யும் முதல் வேலை டயரில் காற்று இறக்குவது. வழக்கமாக 30 பி.எஸ்.ஐ. இருக்கும் டயரை 15 அளவுக்குக் கொண்டுவந்தால் அது அப்பம்போல் பரந்து, மணலை வெட்டாமல் அதன்மேல் மிதக்கும். அதே டயரோடு தார்ச்சாலையில் வேகமெடுத்தால் பக்கச்சுவர் மடங்கி மடங்கிச் சூடேறி, கிழிந்துவிடும். பின்சக்கரத்துக்கு அகப்பை அகப்பையாகத் துடுப்பு வைத்த மணல் டயர்களும் உண்டு. தாரில் அவற்றுக்குப் பிடிப்பே கிடையாது. ‘அப்படியே ரோட்டுல எறக்கிடலாம்’ என்று விற்பவர் சொன்னால் முதலில் டயரைத் தொட்டுப் பாருங்கள்.

★

டயர் என்றதும் திருவொற்றியூர் நினைவுக்கு வராமல் இருக்குமா? 1946இல் அங்கே ஒரு சின்னக் கொட்டகையில் கே.எம். மாம்மன் மாப்பிள்ளை குழந்தைகளுக்கான பலூன் செய்யத் தொடங்கினார். அதுதான் எம்.ஆர்.எஃப். 1952இல் தேய்ந்த டயருக்குப் போடும் ரப்பர், 1960களின் தொடக்கத்தில் முழு டயர், பிறகு பந்தயம். 2022இல் எம்.ஆர்.எஃப். அணியில் ஓட்டிய ஸ்பெயின்காரர் எஃப்ரேன் யாரேனா ஐரோப்பிய ராலி சாம்பியன் ஆனார். மண், சரளை, தார் என எல்லாத் தரையிலும் நடக்கும் போட்டி அது. திருவொற்றியூர் பலூனில் தொடங்கிய பெயர் அந்தத் தரைகளில் எல்லாம் ஓடியிருக்கிறது.

★

எண்ணூரில் லாரி செய்வதற்கு முன்பு கார் பூட்டினார்கள். 1948இல் ரகுநந்தன் சரண் தொடங்கிய அசோக் மோட்டார்ஸுக்கு அவர் மகனின் பெயர். அடுத்த ஆண்டே அங்கிருந்து ஆஸ்டின் ஏ40 கார்கள் வெளியே வந்தன. 1955இல் அது அசோக் லேலண்ட் ஆனது. அதே 1955இல்தான் மெட்ராஸ் மோட்டார்ஸும் இங்கிலாந்தின் ராயல் என்ஃபீல்டும் கைகோத்தன. திருவொற்றியூரில் நம் ஊர் புல்லட் பிறந்தது. ஆவடியில் இரும்புக் குழாய் செய்யும் டியூப் புராடக்ட்ஸ் ஆலை பிறந்த ஆண்டும் 1955தான். பக்கிக்கு என்னென்ன வேண்டும்? குழாய்ச் சட்டம், காற்றால் குளிரும் என்ஜின், டயர், ஃபைபர் உடம்பு. ஒரு பகல் பொழுதில் சுற்றி வரக்கூடிய வட்டத்துக்குள் இத்தனை தொழிலும் இருக்கிறது. பழைய பாகம் வேண்டுமென்றால் புதுப்பேட்டை. இவ்வளவும் இருக்கிற ஊரில் ஒரு பையன் சொந்தமாக வண்டி செய்து பார்க்க ஆசைப்படுவது இயல்பு. அதை வெட்டி ஆசை என்று யாரும் சொல்லக் கூடாது.

★

இனி ஆர்.டி.ஓ. பக்கம். செங்குன்றம் அலுவலகத்தின் டி.என். 18 எண்ணை ஒரு பக்கியில் மாட்ட முடியுமா?

1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 39ஆவது பிரிவுப்படி, பதிவு செய்யாத வண்டி பொதுச் சாலையில் சக்கரம் வைக்கக் கூடாது. பதிவுக்குப் போனால், அந்த மாடலைச் செய்தவரோ இறக்குமதி செய்தவரோ அரசு ஒப்புதல் பெற்ற சோதனைக்கூடத்தில் அதன் மாதிரியைக் கொடுத்துச் சான்றிதழ் வாங்கியிருக்க வேண்டும். இது மத்திய மோட்டார் வாகன விதிகளின் 126ஆவது விதி. பிரேக், விளக்கு, புகை, சத்தம், கண்ணாடி என ஒவ்வொன்றாகச் சோதிப்பார்கள். அப்படி ஒரு கூடம் நம் ஒரகடத்திலேயே இருக்கிறது. ஆயிரக்கணக்கில் வண்டி விற்கும் கம்பெனிக்கு அந்தச் செலவு தாங்கும். ஒரே ஒரு வண்டியை வெல்டிங் வைத்துச் செய்தவருக்குத் தாங்காது. பிரிட்டனில் வீட்டில் செய்த ஒற்றை வண்டியையும் சோதித்துச் சாலைக்கு அனுமதிக்க ஐ.வி.ஏ. என்று தனித் தேர்வு உண்டு. அதுபோல எளிய வாசல் ஒன்று இங்கும் வேண்டும் என்பது என் ஆசை. இன்றைக்கு இல்லை.

★

‘பழைய காரை வாங்கி, மேலே இருப்பதைக் கழற்றிவிட்டு, பக்கி ஆக்கிவிட்டால்? ஆர்.சி. புத்தகம்தான் இருக்கிறதே?’ பட்டறைகளில் அதிகம் அடிபடும் யோசனை இது. அமெரிக்காவில் மேங்க்ஸ் சாலைக்கு வந்தது ஏறக்குறைய இந்த வழியில்தான்: பீட்டிலின் அடித்தளம், பீட்டிலின் எண், மேலே புது உடம்பு. இங்கே 52ஆவது பிரிவு குறுக்கே நிற்கிறது. கம்பெனி கொடுத்த விவரத்தில் இருந்து வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில், கேரளத்தில் இருந்து வந்த ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை அழுத்தமாகச் சொல்லிவிட்டது. மாற்றுத்திறனாளிகளுக்கான மாற்றம், வேறு எரிபொருளுக்கு மாறுவது போன்ற சிலவற்றுக்கு முறைப்படி இடம் உண்டு. கூரையை அறுப்பதற்கு இல்லை. சட்டத்தின் 182ஏ பிரிவில் உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறையோ, ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, இரண்டுமோ காத்திருக்கின்றன.

★

அபராதத்தைவிட எனக்குப் பயம் தருவது காப்பீடு. பதிவு செய்யவே முடியாத வண்டிக்கு மூன்றாம் நபர் காப்பீடு எடுக்க வழியில்லை. ஜாலிக்காக எடுத்த வண்டி சாலையோரம் நடந்து போகும் ஒருவரை இடித்துவிட்டால், தீர்ப்பாயம் சொல்லும் இழப்பீடு முழுவதும் ஓட்டியவர், உரிமையாளர் தலையில்தான் விழும். வீடு விற்றுத்தான் கட்ட வேண்டியிருக்கும். அடிபட்ட குடும்பத்துக்கோ, அந்தப் பணம் வந்து சேர எத்தனை ஆண்டு ஆகுமோ.

★

18 வயது ஆகாத பிள்ளை ஓட்டினால்? 2019இல் வந்த 199ஏ பிரிவுப்படி பெற்றோருக்கோ உரிமையாளருக்கோ மூன்று ஆண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம். அந்தப் பிள்ளைக்கு 25 வயது வரை ஓட்டுநர் உரிமம் கிடையாது.

★

சட்டத்திலேயே ஒரு சின்னத் திறப்பும் இருக்கிறது. ‘மோட்டார் வாகனம்’ எது என்று சொல்லும் இடத்தில், தொழிற்சாலைக்குள் அல்லது சுற்றி அடைக்கப்பட்ட வளாகத்துக்குள் மட்டும் ஓடும்படி செய்த சிறப்பு வகை வண்டியைச் சேர்க்காமல் விட்டிருக்கிறார்கள். நாலாபக்கமும் வேலி போட்ட சொந்த நிலம் இருந்தால், அங்கே பக்கிக்கு வேலை உண்டு. அங்கே போகும்வரை அதை வேறு வண்டியின் முதுகில் ஏற்றித்தான் கொண்டுபோக வேண்டும்.

★

கலிஃபோர்னியாவின் மணல்மேடுகளில் ஒவ்வொரு பக்கியும் நீளமான, வளையும் கம்பத்தில் கொடி கட்டியிருக்கும். தரையில் இருந்து 8 அடி உயரம் என்பது அங்கே விதி. மேட்டின் மறுபக்கம் ஏறி வருபவருக்கு வண்டி தெரியாது, கொடி தெரியும். புழலின் ஜி.என்.டி. சாலையை இப்போது நினைத்துப் பாருங்கள். ஆந்திராவுக்குப் போகும் லாரியும் துறைமுகத்துக் கன்டெய்னரும் வரிசை கட்டும் சாலை. கன்டெய்னர் ஓட்டுநர் உட்கார்ந்திருக்கும் உயரத்தில் இருந்து பார்த்தால், அவருடைய இடது பம்பரை ஒட்டி வரும் தாழ்ந்த வண்டி கண்ணில் படாது. பக்கியில் இருப்பவரின் தலை அந்த லாரியின் சக்கர உயரத்தில் இருக்கும். கதவும் இல்லை. அந்தச் சாலையில் இரவு நேரத்தில் ஸ்கூட்டரில் போன யாருக்கும் இதை விளக்க வேண்டியதில்லை.

★

திறந்த வண்டியில் காற்று முகத்தில் அடிக்கப் போக வேண்டும், போலீஸ் நிறுத்தினால் ஆர்.சி.யும் நீட்ட வேண்டும் என்பவர்களுக்கு, கம்பெனியே சான்றிதழோடு விற்ற வண்டிகள் உண்டு. 1985இல் வந்த மாருதி ஜிப்சியின் துணிக்கூரை மாடல் ஒன்று. மஹிந்திரா தாரின் துணிக்கூரை மாடல் இன்னொன்று. பழைய ஜிப்சி வாங்கினால் ஆர்.சி.யில் உள்ள சேசிஸ் எண்ணையும் வண்டியில் பொறித்த எண்ணையும் டார்ச் அடித்து ஒப்பிட்டுப் பாருங்கள். வண்டியின் சட்டகத்தைக் கீழ்ப்பக்கம் தட்டி, துரு இருக்கிறதா என்று பாருங்கள். எண்ணூர், காசிமேடு பக்கம் நின்ற வண்டியை உப்புக்காற்று உள்ளிருந்தே தின்றிருக்கும்.

★

புழலில் இருந்து வடக்கே, செங்குன்றத்தைத் தாண்டினால் சோழவரம். பெரும்பாலோருக்கு ஏரி தெரியும். இரண்டாம் உலகப் போர்க்காலத்து விமான ஓடுதளம் ஒன்றும் அங்கே உண்டு. அதுதான் பல ஆண்டுகள் இந்தியாவின் பேர்போன மோட்டார் பந்தயத் தடம்.

1953இல் உருவான மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அங்கே பந்தயம் நடத்தியது. விமானம் இறங்குவதற்காகப் போட்ட காங்கிரீட்டில் ஃபியட்டும் ஸ்டாண்டர்டு ஹெரால்டும் புல்லட்டும் பாய்ந்தன. இன்றுபோல வெளிநாட்டில் இருந்து பந்தய வண்டியை இறக்குவது அப்போது எளிதில்லை. அதனால் இருக்கும் காரைப் பிரித்து, எடையைக் குறைத்து, என்ஜினைச் சீண்டி, லேத்தில் கடைந்த பாகத்தைப் பூட்டி, தாங்களே வண்டி செய்தார்கள். பட்டறை மூளைக்கு அது பெரிய பள்ளிக்கூடம். கோவையின் கரிவரதன் அந்தத் தலைமுறையின் பெரிய பெயர். மாருதி 800இன் என்ஜினை வைத்து விலை குறைந்த ஒற்றை இருக்கைப் பந்தய வண்டியை வடிவமைத்தார். 1990இல் கிளப் தன் சொந்தத் தடத்தை இருங்காட்டுக்கோட்டையில் திறந்தது. அங்கே அந்த ஃபார்முலா மாருதியில் பந்தயத்தைத் தொடங்கிய கோவைப் பையன் நரேன் கார்த்திகேயன் 2005இல் ஃபார்முலா ஒன் ஓட்டிய முதல் இந்தியர் ஆனார். கரிவரதன் அதைப் பார்க்க இல்லை. 1995இல் ஒரு சிறுவிமான விபத்தில் போய்விட்டார். கோவையில் உள்ள கரி மோட்டார் ஸ்பீட்வே அவர் பெயரைச் சொல்கிறது.

தடம் மேற்கே போனது நல்லதுதான், பாதுகாப்பான தடம் கிடைத்தது. ஆனால் வடசென்னைப் பையனின் கைக்கெட்டும் தூரத்தில் இருந்த இடம் போய்விட்டது. டயரும் லாரியும் புல்லட்டும் செய்து பழகிய இந்தப் பட்டையில், வேலி போட்ட ஒரு மண்தடம், நாள் கட்டணத்துக்கு, ஹெல்மெட்டும் ஆம்புலன்சும் வைத்து, வர வேண்டும். பைபாஸில் நள்ளிரவில் வேகம் பார்க்கும் பிள்ளைகளைத் திட்டுவதற்கு முன்னால் இதை நாம் கேட்டிருக்க வேண்டும்.

★

‘ரேஸ் ஓட்டினால் தண்டனை’ என்று பொதுவாகச் சொல்கிறோம். 189ஆவது பிரிவு சொல்வது, மாநில அரசின் எழுத்துபூர்வமான ஒப்புதல் இல்லாமல் ஓட்டினால் தண்டனை என்று. முதல் முறை மூன்று மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ஒப்புதலோடு ஓட்டியதையும் சென்னை பார்த்துவிட்டது. தீவுத்திடலைச் சுற்றி 3.5 கிலோமீட்டர் சாலையை அடைத்து, விளக்குப் போட்டு, 2024 ஆகஸ்ட் 31, செப்டம்பர் 1 இரவுகளில் கார் பந்தயம் நடந்தது. 2023 டிசம்பரில் நடக்க வேண்டியது, மிக்ஜாம் புயலால் தள்ளிப்போனது.

★

பாஹா என்றேனே, அது இதுதான். என்ஜினியரிங் மாணவர்கள் தாங்களே ஒரு பக்கியை வடிவமைத்து, குழாய் வளைத்து, வெல்டிங் வைத்து, ஓட்டியும் காட்டும் போட்டிக்கு ‘பாஹா’ என்றே பெயர். 1976இல் அமெரிக்காவில் தொடங்கியது. 2007 முதல் இந்தியாவிலும் நடக்கிறது, இந்தூருக்குப் பக்கத்தில் பீத்தம்பூரில். நடத்தும் எஸ்.ஏ.இ. இந்தியாவின் தலைமையகம் நம் சென்னையில். பல ஆண்டுகளாக எல்லோருக்கும் ஒரே 305 சி.சி., 10 குதிரைத்திறன் என்ஜின்தான் கொடுத்தார்கள். காசுள்ள கல்லூரி பெரிய என்ஜின் வாங்கி ஜெயிக்க முடியாது, மூளையால்தான் ஜெயிக்க வேண்டும். பிரேக் அடித்தால் நான்கு சக்கரமும் ஒருசேர இறுக வேண்டும், இல்லாவிட்டால் தடத்துக்குள் விடமாட்டார்கள். கடைசியில் நான்கு மணி நேர ஓட்டம். அச்சு முறிந்து நிற்கும் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்து, பழுது பார்த்து, திரும்ப அனுப்பும் பிள்ளைகளின் முகங்களைப் பார்த்தால் போதும். உங்கள் வீட்டுப் பிள்ளைக்குப் பக்கி ஆசை இருந்தால், கல்லூரியில் சேரும்போதே பாஹா அணி இருக்கிறதா என்று கேட்டுவிடுங்கள்.

★

‘ரோடு வேண்டாம், எண்ணூர் தாண்டிப் பழவேற்காடு வரை கடற்கரை கிடக்கிறதே?’ அந்த மணலும் காலி இடம் அல்ல. கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை 1991இல் வந்தபோதே பொழுதுபோக்குக்காக மணல்மேடுகளைக் கலைப்பதைத் தடை செய்தது. 2011 அறிவிக்கை மணல்மேடுகளை உச்சப் பாதுகாப்பு உள்ள பகுதியில் சேர்த்தது. மேட்டைப் பிடித்து வைத்திருப்பவை இரண்டு செடிகள்: முள்முள்ளாக உருளும் ராவணன் மீசைப் புல், ஊதாப் பூ பூக்கும் அடும்புக் கொடி. டயர் இவற்றை ஒருமுறை அறுத்தால் காற்று மணலை வாரிக்கொண்டு போகும். புயலுக்கும் மீனவர் குப்பத்துக்கும் நடுவே நிற்பது அந்த மேடுதான்.

★

தை முதல் பங்குனி வரை அதே மணலில் பங்குனி ஆமை கரையேறி முட்டை இடும். ஒரு குழியில் ஏறத்தாழ நூறு முட்டை. சுமார் ஒன்றரை மாதத்தில் குஞ்சுகள் வெளிவந்து, இருட்டில் கடலை நோக்கி நகரும். ஒரு டயர்த் தடத்தின் பள்ளம் அவற்றுக்கு மலைப்பள்ளத்தாக்கு. உள்ளே விழுந்தால் ஏற முடியாது. விடிந்தால் காக்கையும் நாயும். சென்னைக் கரையில் 1970களில் இருந்து இரவெல்லாம் நடந்து முட்டைகளை எடுத்துக் காக்கிறார்கள். 1988 முதல் மாணவர்களே ஓர் அமைப்பாகச் சேர்ந்து இதைச் செய்து வருகிறார்கள்.

★

மணலில் வண்டி ஓட்டுவது தமிழருக்குப் புதிதல்ல. நெய்தல் திணைப் பாடல்களில் தலைவன் கடற்கரை மணல் வழியாகத் தேரில்தான் வருவான். சக்கரம் அடும்புக் கொடியை அறுத்துக்கொண்டு வரும் காட்சி அங்கே உண்டு. நற்றிணையின் 11ஆம் பாடலில் உலோச்சனார் வேறொரு தேரோட்டியைக் காட்டுகிறார். நிலவு விரிந்த இரவு. அலை மோதிய ஈர மணலில் நண்டுகள் திரிகின்றன. சக்கரத்தில் ஒன்றும் சிக்கிவிடக் கூடாதென்று அவன் கடிவாள வாரைப் பார்த்துப் பார்த்துப் பிடித்து, தேரை ஓட்டிக்கொண்டு வருகிறான்.